சொந்த டொமைனில் மெயில்: எதை முதலில் மாற்றுவது, எங்கே சிக்கும்?

தறிநிழல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாலு பேர் வேலை பார்க்கிற சின்ன நிறுவனம். ஆர்டர், பில், சப்ளையர் கடிதம் எல்லாமே இதுவரைக்கும் ஒரே ஒரு ஜிமெயில் முகவரியில ஓடிட்டிருக்கு. இனி சொந்த டொமைன்ல மெயில் வைக்கணும். பேச வசதியா டொமைன் பேரு நம்கடை.காம்னு வெச்சுக்குவோம்.

இப்போ இருக்கிற அமைப்பு:

- டொமைன் ஒரு ரெஜிஸ்ட்ரார்கிட்ட (டொமைன் பேர் விற்கிற நிறுவனம்) வாங்கினது, நேம்சர்வர் (டொமைனோட ரெக்கார்டுகளை வெளியுலகத்துக்குச் சொல்ற சர்வர்) கிளவுட்ஃபிளேர்ல இருக்கு
- வெப்சைட் வேர்ட்பிரஸ், சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற பக்கம்) இருக்கிற ஷேர்டு ஹோஸ்டிங்ல. அதுல ஒரு தொடர்புப் படிவம் உண்டு
- பில் அனுப்ப ஒரு ஆன்லைன் பில்லிங் சேவை
- மாசம் ஒரு தடவை நியூஸ்லெட்டர் அனுப்ப இன்னொரு சேவை

ஹோஸ்டிங்கோட இலவசமா வர்ற மெயிலே போதுமா, இல்ல கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ மாதிரி தனியா எடுக்கணுமா? விற்பனை, கணக்கு, உதவின்னு மூணு பொது முகவரி வேணும், அதுக்கும் தனித்தனி யூசர் வாங்கணுமா? டிஎன்எஸ்ல (டொமைனோட முகவரிப் பதிவேடு) எதை எந்த வரிசையில மாத்துறது? மெயில் நிஜமாவே நம்மகிட்டயிருந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணுமே கட்டாயமா? மாத்துற நேரத்துல ஒரு மெயில்கூட தொலையக் கூடாது.

---

எம்எக்ஸ்பத்து பதில்:

டொமைன் ஓரிடம், நேம்சர்வர் ஓரிடம், வெப்சைட் ஓரிடம் என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. மெயிலுக்கான ரெக்கார்டுகள் வேலை செய்வது நேம்சர்வர் இருக்கும் இடத்தில் மட்டும்தான். உங்களுக்கு அது கிளவுட்ஃபிளேர். ரெஜிஸ்ட்ராரின் பேனலிலும் ஒரு டிஎன்எஸ் பக்கம் இருக்கும், சிபேனலிலும் சோன் எடிட்டர் இருக்கும். அங்கே போட்டாலும் "சேமிக்கப்பட்டது" என்று பச்சை விளக்கு எரியும். ஆனால் வெளியுலகம் அந்தப் பக்கமே வராது. "ரெக்கார்டு போட்டு இரண்டு நாள் ஆச்சு, இன்னும் பிடிக்கல" என்கிற புகார்களில் பலவும் இந்த வகைதான். நேம்சர்வரை மாற்றவே வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்.

ஹோஸ்டிங் மெயில் பற்றி: பெறுவதற்கு அது போதும், அனுப்புவதற்குத்தான் தொல்லை. ஷேர்டு சர்வரில் உங்கள் மெயில் வெளியே போகும் ஐபி முகவரியில் இன்னும் எத்தனையோ பேரின் வெப்சைட்டுகள் இருக்கும். அதில் ஒரு சைட் ஹேக் ஆகி ஸ்பாம் கொட்டினால் அந்த ஐபி தடைப்பட்டியலில் ஏறும், கூடவே உங்கள் பில்லும் திரும்பி வரும். தவிர, நாளை ஹோஸ்டிங் மாற்றினால் மெயில்பாக்ஸையும் மூட்டை கட்ட வேண்டும். வெப்சைட்டையும் மெயிலையும் ஒரே ஆணியில் மாட்டாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றில் எதை எடுத்தாலும் சரி. ஊழியர்கள் எக்செல், அவுட்லுக் பழகியவர்களா, ஜிமெயில் பழகியவர்களா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

மனிதருக்கு ஒரு யூசர், பொறுப்புக்கு ஒரு பொது முகவரி. நான்கு பேருக்கு நான்கு யூசர் வாங்கினால் போதும். "விற்பனை" முகவரியை ஒருவர்தான் பார்க்கிறார் என்றால் அவர் கணக்கிலேயே ஏலியஸாக (அதே பெட்டிக்கு வரும் இன்னொரு முகவரி) சேர்க்கலாம். வொர்க்ஸ்பேஸில் ஒரு யூசருக்கு 30 ஏலியஸ் வரை தனிக் கட்டணம் இல்லை. இரண்டு மூன்று பேர் பார்ப்பது என்றால் வொர்க்ஸ்பேஸில் குரூப், மைக்ரோசாஃப்டில் ஷேர்டு மெயில்பாக்ஸ். ஷேர்டு மெயில்பாக்ஸுக்கு 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் தேவையில்லை. காசு மிச்சம் என்று ஒரே கணக்கின் பாஸ்வேர்டை நான்கு பேரும் பகிர்ந்து வைக்காதீர்கள். இருபடிச் சரிபார்ப்பு போடவே முடியாமல் போகும், யார் பதில் அனுப்பியது என்று தெரியாது, ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லோருக்கும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டி வரும்.

குரூப் வைப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கூகுள் குரூப்பில் "யார் மெயில் போடலாம்" என்ற அமைப்பு நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் என்று இருந்தால், வாடிக்கையாளர் அனுப்பும் மெயில் பவுன்ஸ் ஆகும் (அவருக்கே திரும்பிவிடும்). நீங்கள் உள்ளிருந்து சோதித்தால் எல்லாம் அழகாகப் போகும், அதனால் கண்டுபிடிக்கவே நாளாகும். மைக்ரோசாஃப்டின் விநியோகப் பட்டியலுக்கும் இதே பூட்டு இருக்கிறது. எப்போதும் வெளி முகவரியிலிருந்து சோதியுங்கள்.

இனி வரிசை.

1. சேவை தரும் சரிபார்ப்பு டிஎக்ஸ்டி (வெறும் எழுத்து வரி) ரெக்கார்டைப் போட்டு டொமைன் உங்களுடையது என்று நிரூபியுங்கள். இதனால் மெயில் ஓட்டம் எதுவும் மாறாது.
2. யூசர், ஏலியஸ், குரூப் எல்லாவற்றையும் உருவாக்கி முடியுங்கள்.
3. எஸ்பிஎஃப், டிகிம் ரெக்கார்டுகள்.
4. எம்எக்ஸ் (டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டு) மாற்றம்.
5. டிமார்க்.

இரண்டாவது படி எம்எக்ஸுக்கு முன்னால் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சர்வரே கிடைக்கவில்லை என்றால் அனுப்பும் பக்கம் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) தரநிலையின் பரிந்துரை. ஆனால் சர்வர் கிடைத்து "இப்படி ஒரு முகவரி இங்கே இல்லை" என்று 550 சொல்லிவிட்டால் அது முடிந்த கதை. அந்த நொடியே பவுன்ஸ். எம்எக்ஸ் திரும்பிய பிறகு ஆற அமர யூசர் உருவாக்குபவர்கள் மெயிலைத் தொலைப்பது இப்படித்தான்.

எம்எக்ஸ் விஷயத்தில் மூன்று குறிப்புகள். ஒன்று, பழைய ஹோஸ்டிங்கின் எம்எக்ஸை "பேக்கப்பாக இருக்கட்டும்" என்று பெரிய எண்ணோடு விட்டுவைக்காதீர்கள். எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை என்பது சரிதான், ஆனால் முதல் சர்வர் ஒரு நொடி தடுமாறினாலும் சில மெயில்கள் அங்கே போய் யாரும் திறக்காத பெட்டியில் விழும். ஸ்பாம் அனுப்புபவர்களும் வேண்டுமென்றே பெரிய எண்ணைத்தான் குறிவைப்பார்கள். அழித்துவிடுங்கள். இரண்டு, எம்எக்ஸின் மதிப்பு ஒரு ஹோஸ்ட் பெயராகத்தான் இருக்க வேண்டும். ஐபி எண்ணோ, சிநேமாக (இன்னொரு பெயரைச் சுட்டும் ரெக்கார்டு) இருக்கும் பெயரோ கூடாது. மூன்று, கிளவுட்ஃபிளேரின் ஈமெயில் ரூட்டிங்கை (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி) எப்போதாவது ஆன் செய்திருந்தால் அது தன்னுடைய எம்எக்ஸைப் போட்டு வைத்திருக்கும். முதலில் அதை அணைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

கூகுள் இப்போது கேட்பது முன்னுரிமை 1-இல் ஒரே ஒரு எம்எக்ஸ்தான். ஐந்து வரி பட்டியல் போடச் சொல்லும் பழைய கையேடுகள் இன்னும் உலவுகின்றன; அந்த ஐந்தும் வேலை செய்யும், ஆனால் இரண்டையும் கலக்க வேண்டாம்.

டிடிஎல் (பழைய ரெக்கார்டை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பது) கவலை உங்களுக்குக் குறைவு. கிளவுட்ஃபிளேரில் "ஆட்டோ" என்றால் 300 நொடி. வேறு இடத்தில் நேம்சர்வர் வைத்திருப்பவர்கள் மட்டும் மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே 300-க்குக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். "48 மணி நேரம் ஆகும்" என்று எல்லோரும் சொல்வது நேம்சர்வரையே மாற்றும்போது வரும் கணக்கு.

---

தபால்587 பதில்:

மேலே சொன்னதோட மெயில் உள்ளே வர்ற பக்கம் முடிஞ்சுது. அனுப்புற பக்கம்தான் நிஜமான வேலை. "மூணும் கட்டாயமா"ன்னு கேட்டீங்க. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் விதி இது: யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் ரெண்டுல ஒண்ணாவது வேணும், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5000-க்கு மேல அனுப்புறவங்களுக்கு டிமார்க்கும் சேர்த்து மூணும் கட்டாயம். யாஹூவும் அதே சமயத்துல இதே மாதிரி விதி போட்டது, அவுட்லுக்.காம் 2025 மே மாசம் சேர்ந்துக்கிச்சு. நீங்க 5000-ஐத் தொட மாட்டீங்க. ஆனாலும் மூணையும் போடுங்க. உங்க பேர்ல யார் வேணும்னாலும் போலி பில் அனுப்பலாம்ங்கிற நிலைமையை மூடுறது டிமார்க் மட்டும்தான்.

வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காகிதத்துல எழுதுங்க: நம்கடை.காம்ங்கிற பேரைப் போட்டு யார் யார் மெயில் அனுப்புறாங்க? உங்க விஷயத்துல நாலு: மெயில் சேவை, வேர்ட்பிரஸ், பில்லிங், நியூஸ்லெட்டர். இந்தப் பட்டியல் சரியா இருந்தா மீதி எல்லாம் காப்பி பேஸ்ட்தான். ரெக்கார்டுகளைக் கையால டைப் பண்ணாதீங்க. அந்தந்த சேவை காட்டுற வரியை அப்படியே எடுத்து ஒட்டுங்க.

எஸ்பிஎஃப். உங்க பேர்ல எந்தெந்த சர்வர் அனுப்பலாம்ங்கிற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். ஒவ்வொரு சேவையும் தன்னோட கையேட்டுல முழு வரியைக் கொடுக்கும், நீங்களும் வரிசையா ரெண்டு மூணு டிஎக்ஸ்டி போட்டுடுவீங்க. ரெண்டு இருந்தாலே பெர்ம்எரர், அதாவது ரெண்டுமே செல்லாது. எல்லாத்தையும் ஒரே வரிக்குள்ள சேர்க்கணும். வடிவம் இப்படி இருக்கும்:

வி=எஸ்பிஎஃப்1 இன்குளூட்:மெயில்-சேவை இன்குளூட்:பில்லிங்-சேவை ~ஆல்

இன்குளூட், ஏ, எம்எக்ஸ் மாதிரி டிஎன்எஸ் தேடல் கேட்கிற பகுதிகள் மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. ஒரு இன்குளூட்டுக்கு உள்ள இருக்கிற இன்குளூட்டும் கணக்குல சேரும், அதனால கண்ணுக்கு நாலு தெரிஞ்சாலும் உள்ள 11 இருக்கலாம். நேரடி ஐபி எண் போட்டா அது கணக்குல வராது. பழைய ஹோஸ்டிங் போட்டு வெச்ச "ஏ", "எம்எக்ஸ்" ரெண்டும் இனி தேவையில்லன்னா எடுத்துடுங்க. கடைசியில ~ஆல் (பட்டியல்ல இல்லாததைச் சந்தேகமாப் பாரு) போதும், -ஆல் (நிராகரி) வேண்டாம். டிமார்க் இருக்கிறப்போ முடிவை அது எடுத்துக்கும். -ஆல் போட்டா சில சர்வர்கள் டிகிமைப் பார்க்காமலே வாசல்லயே திருப்பிடும்.

டிகிம். ஒவ்வொரு மெயிலுக்கும் டிஜிட்டல் கையொப்பம். பொதுச் சாவி உங்க டிஎன்எஸ்ல இருக்கும். சாவி நீளம் 2048 பிட் எடுங்க. இங்க வர்ற பழைய தகராறு: டிஎக்ஸ்டியில ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் வரம்பு, 2048 பிட் சாவி அதை விட நீளம். கிளவுட்ஃபிளேர் தானா துண்டாக்கிக்கும். சில பேனல்கள் சத்தமில்லாம 255-லயே வெட்டிடும், அப்போ டிகிம் ஃபெயில்னு மட்டும் வரும், ஏன்னு சொல்லாது. சேமிச்ச பிறகு வரியோட கடைசி எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்க.

வொர்க்ஸ்பேஸ்னா ரெக்கார்டு போட்டதோட நிக்காதீங்க. அட்மின் பக்கத்துல "அங்கீகரிப்பைத் தொடங்கு" பொத்தானை அழுத்துற வரைக்கும் கையொப்பம் உங்க பேர்ல விழாது, கூகுளோட பொதுப் பேர்லதான் விழும். புதுக் கணக்குல ஜிமெயிலை ஆன் பண்ணி 24 முதல் 72 மணி நேரம் கழிச்சுத்தான் சாவியே உருவாக்க முடியும், அதனால பதற வேண்டாம். மைக்ரோசாஃப்டுக்கு டிஎக்ஸ்டி இல்ல, ரெண்டு சிநேம். அதை கிளவுட்ஃபிளேர்ல போடும்போது ஆரஞ்சு மேகம் இருக்கக் கூடாது, சாம்பல் மேகமா மாத்துங்க. ஆரஞ்சுல இருந்தா கிளவுட்ஃபிளேர் தன்னோட ஐபியைத்தான் காட்டும், சாவி வெளியே தெரியாது.

இன்னொண்ணு. பேர் கட்டத்துல முழு டொமைனையும் எழுதலாமாங்கிறது பேனலுக்குப் பேனல் மாறும். சில பேனல்ல "_டிமார்க்.நம்கடை.காம்"னு எழுதினா, அது பின்னாடி இன்னொரு தடவை நம்கடை.காம் ஒட்டி வெச்சுடும். சேமிச்சதும் பட்டியல்ல பேர் எப்படி விழுந்திருக்குன்னு ஒரு பார்வை பாருங்க.

டிமார்க். எஸ்பிஎஃப், டிகிம் ரெண்டும் பொருந்தலன்னா மெயிலை என்ன செய்யணும்னு சொல்ற கொள்கை. ஆரம்பம் இது:

வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யூஏ=மெயில்டு:அறிக்கை@நம்கடை.காம்

"நன்" நிலையில எதுவும் தடுக்கப்படாது, அறிக்கை மட்டும் வரும். தினம் ஒண்ணு, ஜிப் பண்ணின எக்ஸ்எம்எல். படிச்சுச் சொல்ற கருவிகள் நிறைய இருக்கு. எந்த ஐபியிலிருந்து உங்க பேர்ல எத்தனை மெயில் போச்சு, எது பாஸ், எது ஃபெயில்னு தெரியும். காகிதத்துல எழுத மறந்த அனுப்புநர் இங்க வந்து நிப்பார். உங்களுக்கு நியூஸ்லெட்டர் மாசம் ஒண்ணு, அதனால ஒரு முழு மாசமாவது "நன்"லயே விடுங்க. அப்புறம் "குவாரன்டைன்" (ஸ்பாமுக்குத் தள்ளு), அதுலயும் புகார் இல்லன்னா "ரிஜெக்ட்" (வாங்காமத் திருப்பு).

---

வடகாற்று பதில்:

நாலு பேர் நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் எதுக்கு? கிளவுட்ஃபிளேர் ஈமெயில் ரூட்டிங் இலவசம். உள்ளே வர்றதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டு, ஜிமெயிலில் "இந்த முகவரியாக அனுப்பு" போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. டிமார்க்கையும் முதல் நாளே ரிஜெக்டில் வைக்கலாம், புது டொமைன்தானே.

---

தபால்587 பதில்:

@வடகாற்று, ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ரூட்டிங் வர்ற மெயிலைத் திருப்பிவிட மட்டும்தான். இலவச ஜிமெயில் சர்வர் வழியா நம்கடை.காம் பேர்ல அனுப்பினா எஸ்பிஎஃப் பார்க்கிற முகவரியும் டிகிம் கையொப்பமும் ஜிமெயில்.காம் பேர்லதான் இருக்கும். டிமார்க் ரிஜெக்ட்ல இருந்தா உங்க மெயிலை நீங்களே தடுக்கிற மாதிரி ஆகும். பார்வைக்கு ஒரு முகவரி வேணும், பதில் அரிதாத்தான் அனுப்புவேன்ங்கிறவங்களுக்கு ரூட்டிங் நல்ல வழி. தினமும் பில் போற இடத்துக்கு அது ஒத்து வராது.

புது டொமைன், ஒரே அனுப்புநர்னா முதல் நாளே ரிஜெக்ட் சரிதான், அதை ஒத்துக்கிறேன். இங்க நாலு அனுப்புநர்.

---

சிபேனல்சித்தன் பதில்:

உங்கள் சிபேனல் ஹோஸ்டிங் பற்றி யாரும் சொல்லவில்லை. தலைவலி அங்கேதான் வரும்.

எம்எக்ஸை வெளியே மாற்றிய விஷயம் அந்த சர்வருக்குத் தானாகத் தெரியாது. நம்கடை.காம் தன் வீட்டுப் பிள்ளை என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸ் படிவம் விற்பனை@நம்கடை.காம் முகவரிக்கு மெயில் போட்டால் டிஎன்எஸ்ஸைப் பார்க்காமல் தன் உள்பெட்டியிலேயே போட்டுக்கொள்ளும், அல்லது அப்படி முகவரி இல்லை என்று எறிந்துவிடும். வெளியாட்கள் அனுப்புவது வரும், சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் வராது. இந்த அறிகுறியைப் பார்த்தாலே இதுதான் நோய். சிபேனலில் "ஈமெயில் ரூட்டிங்" பக்கம் (கிளவுட்ஃபிளேரில் உள்ள அதே பெயர், ஆனால் சம்பந்தமில்லாத விஷயம்) போய் "ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்" என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். "தானாகக் கண்டறி" என்பதை நம்ப வேண்டாம். அந்த சர்வருக்குள் இருக்கும் பழைய சோனில் எம்எக்ஸ் இன்னும் தன்னையே காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து படிவம். வேர்ட்பிரஸ் இயல்பாக பிஎச்பியின் மெயில் செயல்பாடு வழியாக அனுப்பும், அதற்கு டிகிம் பொருத்தமாக விழாது. எஸ்எம்டிபி பிளக்இன் போட்டு உங்கள் மெயில் சேவை வழியாகவே அனுப்புங்கள்: போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைந்த பிறகு மறையாக்கத்துக்கு மாறுவது), 465 என்றால் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் மறையாக்கம். இரண்டையும் மாற்றிப் போட்டால் இணைப்பு தொங்கி டைம்அவுட் ஆகும். போர்ட் 25 பக்கமே போக வேண்டாம், பல இடங்களில் அடைத்து வைத்திருப்பார்கள். வொர்க்ஸ்பேஸ் என்றால் சாதாரண பாஸ்வேர்டு ஏற்காது. இருபடிச் சரிபார்ப்பை ஆன் செய்து ஆப் பாஸ்வேர்டு எடுங்கள், அல்லது பிளக்இன் தரும் ஓஆத் (பாஸ்வேர்டு கொடுக்காமல் அனுமதி தரும்) முறை.

"அனுப்புநர்" கட்டத்தில் படிவம் நிரப்புபவரின் முகவரியைப் போடாதீர்கள். பல படிவங்கள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன, ரிப்ளை அடிக்க வசதி என்று. யாஹூ 2014-லேயே தன் டொமைனுக்கு டிமார்க் ரிஜெக்ட் போட்டுவிட்டது. யாஹூ முகவரி வைத்திருக்கும் வாடிக்கையாளர் படிவம் நிரப்பினால் உங்கள் சர்வர் யாஹூ வேஷம் போட்ட மாதிரி ஆகி, மெயில் திருப்பி அனுப்பப்படும். அனுப்புநர் எப்போதும் உங்கள் டொமைன் முகவரி; வாடிக்கையாளர் முகவரி "ரிப்ளை-டு" கட்டத்தில். ரிப்ளை அடித்தால் அவருக்கேதான் போகும்.

ஊழியர்கள் அவுட்லுக் பயன்படுத்தினால் இன்னொன்று: சிபேனல் தன் பங்குக்கு ஆட்டோடிஸ்கவர் என்ற பெயரில் ஒரு ரெக்கார்டு போட்டிருக்கும். நேம்சர்வரை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றியபோது அதுவும் கூடவே வந்திருக்கலாம். அது இருக்கும் வரை அவுட்லுக் பழைய சர்வரிடம் போய் நின்று பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். மைக்ரோசாஃப்ட் எடுத்தால் அந்தப் பெயரை அவர்கள் சொல்லும் சிநேமாக மாற்றுங்கள். மற்றதற்கு அழித்துவிடலாம்.

---

தறிநிழல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வொர்க்ஸ்பேஸ் எடுத்து எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் "நன்" வரைக்கும் போட்டாச்சு. நேரா அனுப்புற மெயில் மூணும் பாஸ். ரெண்டு விஷயம் மட்டும் நிக்குது.

பில்லிங் சேவையிலிருந்து போற பில்லை ஜிமெயில்ல திறந்து "ஒரிஜினலைக் காட்டு" பார்த்தா எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், ஆனா டிமார்க் ஃபெயில். ரெண்டும் பாஸானா மூணாவது எப்படி ஃபெயிலாகும்?

அப்புறம், எஸ்எம்டிபி பிளக்இன்ல 587 போட்டா சான்றிதழ் பேர் பொருந்தலன்னு பிழை. அதுல கூகுள் பேர் வரணும், ஹோஸ்டிங் நிறுவனத்தோட சர்வர் பேர் வருது.

---

தபால்587 பதில்:

முதல் கேள்விக்கு: அந்த ஒரிஜினல் பக்கத்துல பாஸ்ங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல இருக்கிற டொமைனைப் பாருங்க. எஸ்பிஎஃப் பார்க்கிறது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியிற அனுப்புநர் முகவரியை இல்ல. மெயில் திரும்பி வந்தா எங்க போகணும்னு சொல்ற ரிட்டர்ன்-பாத் முகவரியை. அது பில்லிங் சேவையோட டொமைன்ல இருக்கும். டிகிம்லயும் "டி=" பக்கத்துல அவங்க டொமைன்தான் இருக்கும். ரெண்டும் அவங்க பேர்ல பாஸ். டிமார்க் கேக்கிறது வேற: பாஸான டொமைன், அனுப்புநர் டொமைனோட ஒத்துப் போகுதா? ரெண்டுல ஒண்ணு ஒத்தாலே போதும். உங்க மெயில்ல ஒண்ணும் ஒத்துப் போகல.

இதுக்கு எஸ்பிஎஃப் வரியில அவங்க இன்குளூட்டைச் சேர்த்துப் பிரயோஜனம் இல்ல, ரிட்டர்ன்-பாத் அவங்க டொமைன்ல இருக்கிற வரைக்கும் உங்க எஸ்பிஎஃப்பை யாரும் படிக்கவே மாட்டாங்க. ஏற்கெனவே சேர்த்திருந்தா எடுத்துடுங்க, 10 தேடல்ல கொஞ்சம் மிச்சமாகும். பில்லிங் சேவையோட அமைப்புகள்ல "டொமைன் அங்கீகாரம்" மாதிரி ஒரு பக்கம் தேடுங்க. ரெண்டு மூணு சிநேம் கொடுப்பாங்க. அதைப் போட்டா (சாம்பல் மேகம்!) கையொப்பம் டி=நம்கடை.காம்னு மாறும். ரிட்டர்ன்-பாத்துக்கும் ஒரு துணை டொமைன் கேட்டா கொடுத்துடுங்க. இயல்பு அமைப்புல துணை டொமைனும் ஒத்துப் போனதாத்தான் கணக்கு. நியூஸ்லெட்டர் சேவைக்கும் இதே வேலை. நியூஸ்லெட்டரை மட்டும் செய்தி.நம்கடை.காம் மாதிரி துணை டொமைன்லயிருந்து அனுப்புங்க. யாராவது ஸ்பாம்னு அழுத்தினா அந்தக் கெட்ட பேர் பில் போற முகவரியை அவ்வளவா தொடாது.

அப்படிப்பட்ட பக்கமே இல்லாத பில்லிங் சேவைன்னா, அதுல வெளி எஸ்எம்டிபி போட வழி இருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லன்னா அனுப்புநரா அவங்க முகவரியையே விட்டுட்டு ரிப்ளை-டு மட்டும் உங்களுது. ரிஜெக்டுக்குப் போறதுக்கு முன்னாடி இது முடிஞ்சிருக்கணும்.

---

சிபேனல்சித்தன் பதில்:

இரண்டாவது கேள்வி எளிது. உங்கள் ஹோஸ்டிங் சர்வர் வெளியே போகும் 25, 465, 587 இணைப்புகளை வழிமறித்து தன் சொந்த மெயில் சர்வருக்கே திருப்பிவிடுகிறது. ஸ்பாமைத் தடுக்க ஷேர்டு ஹோஸ்டிங்கில் வழக்கமாகச் செய்வதுதான். நீங்கள் கூகுளுக்குப் போன் போட்டீர்கள், எடுத்தது பக்கத்து அறை. பிளக்இனில் "சான்றிதழ் சரிபார்ப்பை அணை" என்றொரு வழி இருக்கும், இணையத்தில் பலர் அதைத்தான் சொல்வார்கள். தொடாதீர்கள். அணைத்தால் கூகுளின் ஆப் பாஸ்வேர்டை ஹோஸ்டிங் சர்வரிடம் நீங்களே ஒப்படைப்பீர்கள், மெயிலும் போகாது.

ஹோஸ்டிங் உதவிக்கு எழுதுங்கள்: "சிபேனல் கணக்கிலிருந்து வெளி எஸ்எம்டிபி சர்வருக்கு 587 திறந்து விடுங்கள், எஸ்எம்டிபி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் தடுக்கிறது" என்று. மறுத்தால் எஸ்எம்டிபியை விட்டுவிட்டு ஏபிஐ (பிளக்இன் நேரடியாகச் சேவையோடு பேசும் வழி) வழியாக அனுப்பும் முறைக்கு மாறுங்கள். ஜிமெயில் ஏபிஐயை ஆதரிக்கும் பிளக்இன்கள் இருக்கின்றன, அது 443 (வெப்சைட்டுகள் ஓடும் போர்ட்) வழியாகப் போகும், அதை யாரும் அடைக்க முடியாது. அடைத்தால் வெப்சைட்டே அப்டேட் வாங்காது.

---

எம்எக்ஸ்பத்து பதில்:

பழைய ஜிமெயிலை மூடிவிடாதீர்கள். அதில் இருக்கும் மெயில்களை வொர்க்ஸ்பேஸின் இறக்குமதிக் கருவி வழியாகக் கொண்டு வரலாம். புதிதாக வருவதைப் புது முகவரிக்கு ஃபார்வர்டு செய்து, அப்படி வருபவற்றுக்கு ஒரு லேபிள் ஒட்டும் ஃபில்டர் போடுங்கள். இன்னும் யார் யார் பழைய முகவரிக்கே எழுதுகிறார்கள் என்று லேபிளைத் திறந்தாலே தெரியும். அவர்களுக்கு மட்டும் சொன்னால் போதும்.

ரெஜிஸ்ட்ரார், கிளவுட்ஃபிளேர் இரண்டின் லாகின் முகவரியையும் நம்கடை.காமுக்கு மாற்றாதீர்கள், பழைய ஜிமெயிலிலேயே இருக்கட்டும். டொமைன் காலாவதியானால் மெயிலும் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் பாஸ்வேர்டு மீட்பு மெயிலும் அதே செத்த முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். .காம் டொமைனுக்கு ரெஜிஸ்ட்ரார் ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகான் (டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பு) விதி. அதையும் தவறவிட்டு டொமைன் நீக்கப்பட்டுவிட்டால் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் தண்டம் சேர்ந்த கட்டணம். ஆட்டோ ரினியூவல் ஆனில் இருக்கட்டும், அதில் பதிந்த கார்டு எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். அந்த ஜிமெயிலுக்கும் இருபடிச் சரிபார்ப்பு போட்டு, மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து நிறுவனத்தில் இரண்டு பேரிடம் வையுங்கள்.

---

தறிநிழல்:

பில்லிங்ல சிநேம் மூணும் போட்டேன், டி= நம்ம பேருக்கு மாறிடுச்சு, டிமார்க் பாஸ். ஹோஸ்டிங்ல 587 திறக்க மாட்டோம்னுட்டாங்க, அதனால படிவத்தை ஏபிஐக்கு மாத்திட்டேன், வருது. உதவி குரூப்ல நீங்க சொன்ன பூட்டு நிஜமாவே இருந்துச்சு, வெளியே இருந்து போட்டப்போ பவுன்ஸ், இப்போ திறந்தாச்சு. நியூஸ்லெட்டர் அடுத்த மாசம் துணை டொமைன்லயிருந்து போகும். அந்த அறிக்கை வந்ததும் குவாரன்டைனுக்கு மாத்துறேன்.

---

தபால்587 பதில்:

துணை டொமைனுக்குத் தனி டிமார்க் போடலன்னா மேல இருக்கிற நம்கடை.காம் கொள்கையே அதுக்கும் பொருந்தும். அதனால குவாரன்டைன் போடுறதுக்கு முன்னாடி செய்தி.நம்கடை.காம்லயிருந்து உங்களுக்கே ஒரு சோதனை நியூஸ்லெட்டர் அனுப்பி, ஒரிஜினல் பக்கத்துல மூணு பாஸும் இருக்கான்னு பார்த்துக்குங்க. மெயில்ல ஒரே சொடுக்குல விலகுற வசதி இருக்கணும். அது கண்ணுல படலன்னா ஆளுங்க ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவாங்க. மொத்தமா அனுப்புறவங்களுக்கு ஜிமெயில் வெச்சிருக்கிற ஸ்பாம் புகார் வரம்பு 0.3 சதவீதம். 300 பேர் பட்டியல்ல ஒருத்தர் அழுத்தினாலே அதைத் தாண்டிடும்.